தேஜஸ்: 1983-ல் போட்ட பிள்ளையார் சுழி... 40 வருஷமா இழுத்தடிச்சது எது? மார்க் 1, 1ஏ, மார்க் 2 - என்ன வித்தியாசம்?

2025 செப்டம்பர் கடைசி வாரத்தில், அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டு செய்திகள் வந்தன. செப்டம்பர் 25-ம் தேதி, 97 தேஜஸ் மார்க் 1ஏ போர் விமானங்களை வாங்க ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்துடன், அதாவது எச்.ஏ.எல்.லுடன், பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தம் போட்டது. மதிப்பு வரிகள் இல்லாமல் 62,370 கோடி ரூபாய். மறுநாள் சண்டிகரில், 1963 முதல் இந்திய விமானப்படையில் இருந்த மிக்-21 கடைசியாக ஒருமுறை பறந்து விடைபெற்றது.

இரண்டும் தனித்தனிச் செய்தி மாதிரித் தெரியலாம். ஆனால், மிக்-21 போன பிறகு அந்த இடத்தை நிரப்பத்தான் தேஜஸ் திட்டமே தொடங்கப்பட்டது. ஒப்புதல் கிடைத்த வருஷம் 1983. 1990-களின் நடுவில் மிக்-21 படிப்படியாக ஓய்வு பெறும், அதற்குள் நம்ம விமானம் வந்துவிடும் என்பதுதான் கணக்கு. நடந்தது என்னன்னா, பழைய வண்டி ரிட்டயர் ஆகிற நாள் வரைக்கும் புது வண்டி முழுசா வந்து சேரலை.

இதன் விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. இந்திய விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் விமான ஸ்குவாட்ரன்கள் 42. மிக்-21 போன பிறகு கையில் இருப்பது 29. ஒரு ஸ்குவாட்ரன் என்றால் தோராயமாக 16 முதல் 18 விமானங்கள். ஒரு பக்கம் பாகிஸ்தான், இன்னொரு பக்கம் சீனா என்று இரண்டு எல்லையைப் பார்க்க வேண்டிய படைக்கு இது சின்னக் குறை இல்லை.

சரி, 40 வருஷமா என்னதான் நடந்தது? இடையில் மார்க் 1, மார்க் 1ஏ, மார்க் 2, கடற்படை மாடல்னு இத்தனை வகை எதுக்கு?

தேஜஸுக்கு முன்னாடி ஒரு மாருத்

கதையை 1983-ல் ஆரம்பித்தால் பாதிதான் புரியும். அதற்கு முன்பே இந்தியா ஒரு போர் ஜெட் விமானத்தை உருவாக்கியிருக்கிறது. பெயர் எச்.எஃப்-24 மாருத்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனிக்காக ஃபோக்கே-வுல்ஃப் 190 என்ற பிரபல விமானத்தை வடிவமைத்தவர் குர்ட் டேங்க். அவரை நேரு அரசு பெங்களூருக்கு அழைத்து வந்தது. அவர் தலைமையில் உருவான மாருத், 1961 ஜூன் 17-ம் தேதி முதன்முதலாகப் பறந்தது. ஆசியாவில் அன்றைக்கு அது பெரிய விஷயம்.

மாருத்தின் உடல் ஒலியைவிட வேகமாகப் பறப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. அதற்கான சக்திவாய்ந்த இன்ஜின் பிரிட்டனில் இருந்து வர வேண்டியிருந்தது. அந்த இன்ஜின் திட்டம் அங்கே கைவிடப்பட்டது. வேறு வழி இல்லாமல், 'நேட்' என்ற குட்டி விமானத்தில் ஓடிய அதே ஆர்ஃபியஸ் ரக இன்ஜின்களில் இரண்டைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். உடம்பு பெரிய பஸ், இன்ஜின் வேன் இன்ஜின் என்கிற கதை. 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் மாருத் நன்றாகவே வேலை செய்தது. ஆனாலும் நினைத்த வேகத்தை அது கடைசி வரை தொடவில்லை. 147 விமானங்களோடு உற்பத்தி நின்றது.

அதோடு இன்னொரு இழப்பும் நடந்தது. மாருத்துக்குப் பிறகு புது போர் விமானம் எதையும் இந்தியா வடிவமைக்கவில்லை. வெளிநாட்டு விமானங்களை உரிமம் வாங்கி இங்கே கட்டுவதே வழக்கமானது. வரைபலகையில் இருந்து ஒரு விமானத்தை உருவாக்கத் தெரிந்த தலைமுறை ஓய்வு பெற்றுப் போனது. 1983-ல் இலகுரக போர் விமானத் திட்டம் வந்தபோது, கிட்டத்தட்ட 'அ' போட்டுத் தொடங்க வேண்டிய நிலைமை.

560 கோடியும் புதுசா ஒரு அமைப்பும்

முதல் ஒதுக்கீடு 560 கோடி ரூபாய். திட்டத்தை நடத்த 1984-ல் பெங்களூரில் ஏரோநாட்டிக்கல் டெவலப்மென்ட் ஏஜென்சி, சுருக்கமாக ஏ.டி.ஏ., உருவாக்கப்பட்டது. வடிவமைப்பது ஏ.டி.ஏ., கட்டுவது எச்.ஏ.எல்., ஓட்டப்போவது விமானப்படை. மூன்று பேர் சேர்ந்து வீடு கட்டுவது போன்ற ஏற்பாடு. வீட்டில் குடியிருக்கப் போகிறவருக்கு வரைபடத்தில் சொல்லு குறைவு என்ற மனக்குறை விமானப்படைக்குப் பல ஆண்டுகள் இருந்தது. இந்த விலகல்தான் பின்னாடி நிறைய தாமதத்துக்குக் காரணம் என்று பாதுகாப்புத் துறையைக் கவனிப்பவர்கள் சொல்வது நியாயமாகவே படுகிறது.

வடிவமைப்பின் ஆரம்பக் கட்டத்தில், 1987-88-ல், பிரான்ஸின் டசால்ட் நிறுவனம் ஆலோசகராக இருந்தது. மிராஜ் 2000 விமானத்தையும், பின்னாளில் ரஃபேலையும் தயாரித்த அதே நிறுவனம். வால் இறக்கை இல்லாத முக்கோண இறக்கை வடிவம் தேஜஸுக்கு முடிவானது. நீளம் 13.2 மீட்டர். ஒரு சாதாரண நகரப் பேருந்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

இத்தனை சின்ன உடம்புக்குள் அன்றைய தேதிக்கு உலகின் நவீனத் தொழில்நுட்பங்கள் எல்லாம் வேண்டும் என்று கேட்கப்பட்டது. உலோகத்துக்குப் பதில் கார்பன் இழைக் கலவை, டிஜிட்டல் திரைகள் கொண்ட விமானி அறை, கணினி வழிக் கட்டுப்பாடு, நவீன ரேடார், கூடவே சொந்த இன்ஜின். இதில் ஒன்றைக்கூட இந்தியா அதற்கு முன் செய்ததில்லை.

தானா நேரா பறக்காத விமானம்

இதில் சாதனை என்று தயங்காமல் சொல்லக்கூடியது கணினி வழிக் கட்டுப்பாடு. கொஞ்சம் விளக்கமா பார்க்கலாம்.

பயணிகள் விமானம் இயல்பாகவே நிலையானது. காற்றில் லேசாக ஆடினாலும் தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். தேஜஸ் அப்படி இல்லை. வேண்டுமென்றே நிலையில்லாமல் வடிவமைக்கப்பட்டது. விரல் நுனியில் துடைப்பக்குச்சியை நிறுத்தி விளையாடியிருப்பீங்க. கையை நொடிக்கு நொடி அசைத்துக்கொண்டே இருந்தால்தான் குச்சி நிற்கும். தேஜஸும் அதே மாதிரிதான். கணினி ஒரு நொடிக்குள் பலமுறை இறக்கை மடிப்புகளைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் விமானம் கவிழ்ந்துவிடும்.

எதுக்கு இந்த ரிஸ்க்? நிலையில்லாத விமானம்தான் சட்டென்று திரும்பும். வான் சண்டையில் அரை நொடி முந்தித் திரும்புவதுதான் உயிர். மனித மூளையால் அந்த வேகத்தில் திருத்த முடியாது என்பதால், விமானி கைப்பிடியை அசைத்தால் அது நேராக இறக்கைக்குப் போகாமல் கணினிக்குப் போகும். கணினிதான் இறக்கையை அசைக்கும். ஒரு கணினித் தடம் பழுதானால்? அதற்காக ஒரே வேலையை நான்கு தடங்கள் ஒரே நேரத்தில் செய்கின்றன.

இந்த மென்பொருளைத் தயாரிப்பதில் அமெரிக்காவின் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம் உதவிக்கொண்டிருந்தது. 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டு சோதனை நடத்தியது. அமெரிக்கா தடை விதித்தது. அங்கே வேலை செய்துகொண்டிருந்த இந்தியக் குழு வேலையைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அப்போது பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் தலைவராக இருந்தவர் அப்துல் கலாம். தேஜஸ் திட்ட இயக்குநர் கோட்டா ஹரிநாராயணா. மீதி வேலையைப் பெங்களூரிலேயே முடிப்பது என்று முடிவானது.

2001 ஜனவரி 4-ம் தேதி, விங் கமாண்டர் ராஜீவ் கோதியால் முதல் மாதிரி விமானத்தைப் பெங்களூரில் மேலே எடுத்துச் சென்றார். அந்த விமானம் தொழிற்சாலையில் இருந்து காட்சிக்கு வெளியே வந்தது 1995 நவம்பரில். பறப்பதற்கு மேலும் ஐந்து வருஷம் பிடித்தது. அதில் பெரிய பங்கு இந்த மென்பொருளுக்குத்தான். 2003 ஆகஸ்டில் தேஜஸ் ஒலியின் வேகத்தைத் தாண்டியது. சோதனைப் பறப்புகள் ஆயிரக்கணக்கில் நடந்தபோதும், அடுத்த 23 ஆண்டுகளுக்கு ஒரு தேஜஸ்கூட விழவில்லை. ஒரு புதுப் போர் விமானத்துக்கு இது அரிய கணக்கு.

'தேஜஸ்' என்ற பெயரை 2003 மே மாதம் சூட்டியவர் அன்றைய பிரதமர் வாஜ்பாய். ஒளி, பொலிவு என்று பொருள்.

காவிரி ஏன் வரலை?

இன்ஜின் கதை இங்கேதான் மறுபடியும் வருகிறது.

தேஜஸுக்காகவே சொந்தமாக ஒரு ஜெட் இன்ஜினை உருவாக்க 1989-ல் அரசு ஒப்புதல் கொடுத்தது. பொறுப்பு பெங்களூரில் உள்ள ஜி.டி.ஆர்.இ. ஆய்வகத்துக்கு. பெயர் 'காவிரி'. பெயர் ராசியோ என்னமோ, இதுவும் கேட்ட நேரத்துக்கு, கேட்ட அளவுக்கு வரவில்லை.

இன்ஜினின் பலத்தை அது பின்னால் தள்ளும் விசையை வைத்து அளப்பார்கள். எளிமையாக டன் கணக்கில் சொன்னால், காவிரி எட்டு டன்னுக்கும் மேல் தள்ள வேண்டும் என்பது இலக்கு. சோதனையில் கிடைத்தது ஏழு டன்னை ஒட்டி. போதாக்குறைக்கு இன்ஜினின் எடையும் திட்டமிட்டதைவிட அதிகமானது. மறுபக்கம் விமானத்தின் எடையும் ஏறிக்கொண்டே போனது. 2008-ல் தேஜஸ் திட்டத்தில் இருந்து காவிரி அதிகாரபூர்வமாகப் பிரிக்கப்பட்டது. 2010-ல் ரஷ்யாவில் பெரிய சரக்கு விமானம் ஒன்றில் பொருத்திப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். அதன் மாற்று வடிவத்தை ஆளில்லாப் போர் விமானத்தில் பயன்படுத்தும் வேலை தொடர்கிறது.

ராக்கெட் விடுற நாட்டால ஒரு ஜெட் இன்ஜின் செய்ய முடியாதா? இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்கிறாங்க. ராக்கெட் இன்ஜின் சில நிமிடங்கள் எரிந்து முடிந்துவிடும். போர் விமான இன்ஜின் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட வேண்டும். அதற்குள் சுழலும் டர்பைன் தகடுகளைத் தொடும் வாயுவின் வெப்பம், அந்தத் தகடு செய்யப்பட்ட உலோகத்தின் உருகுநிலையையே தாண்டும். உருக வேண்டிய தகடு உருகாமல் இருக்க, முழுத் தகட்டையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள். உள்ளே தலைமுடி அளவு துளைகள் போட்டுக் குளிர்காற்றை ஓடவிடுகிறார்கள். இந்த வித்தையை முழுமையாகத் தெரிந்த நாடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் அதை யாருக்கும் எளிதில் கற்றுக்கொடுப்பதில்லை.

ஆகவே முதல் மாதிரி விமானத்தில் இருந்தே தேஜஸ் பறப்பது அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் எஃப்-404 இன்ஜினில்தான். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஸ்வீடனின் கிரிபென் விமானமும் அதே எஃப்-404 குடும்பத்து இன்ஜினில்தான் பறக்கிறது. தென்கொரியாவின் எஃப்.ஏ-50-லும் அதுதான். ஆனால் இரவல் இன்ஜினுக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை இந்தியா எப்போது கொடுத்தது என்பது கொஞ்சம் பின்னால் வரும்.

மார்க் 1: பறக்குது, ஆனா 53 குறை

முதல் ஆர்டர் 40 விமானங்கள். இவைதான் மார்க் 1. இதிலும் இரண்டு தொகுதி. ஆரம்பகட்ட அனுமதித் தரத்தில் 20, இறுதி அனுமதித் தரத்தில் 20. ஒவ்வொரு தொகுதியிலும் 16 ஒற்றை இருக்கை விமானங்கள், 4 இரட்டை இருக்கைப் பயிற்சி விமானங்கள். இறுதி அனுமதித் தர விமானங்கள் பறந்துகொண்டே எரிபொருள் நிரப்பிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் உள்ள எதிரியையும் ஏவுகணையால் தாக்கும். முதல் தொகுதியில் அந்த வசதிகள் இல்லை. இறுதி அனுமதி 2019 பிப்ரவரியில்தான் கிடைத்தது.

2015-ல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை மார்க் 1-ல் 53 குறைபாடுகளைப் பட்டியலிட்டது. மின்னணுப் போர்க்கருவி போதாது, எடை அதிகம், உள்ளே கொள்ளும் எரிபொருள் குறைவு, பயிற்சி விமானம் தயாராகவில்லை என்று பட்டியல் நீண்டது. இவற்றில் 20 குறைகளை நிரந்தரமாகவே பொறுத்துக்கொள்ள விமானப்படை ஒத்துக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட விமானத்தை எதற்கு வாங்கணும்னு தோணலாம். வாங்காவிட்டால் கற்றுக்கொள்ள முடியாது. எந்தப் புது விமானமும் படைப்பிரிவில் தினமும் ஓடி, பழுதாகி, திருத்தப்பட்டுத்தான் முதிர்ச்சி அடையும். தேஜஸுக்கு அந்த வாய்ப்பு ரொம்பத் தாமதமாகவே கிடைத்தது என்பதுதான் வருத்தமான விஷயம்.

கோவைக்கு என்ன சம்பந்தம்?

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது ஊர்க்கதைதான். தேஜஸுக்கான முதல் படைப்பிரிவு, 'ஃபிளையிங் டேகர்ஸ்' என்ற 45-வது ஸ்குவாட்ரன், 2016 ஜூலை 1-ல் பெங்களூரில் வெறும் இரண்டே விமானங்களுடன் தொடங்கப்பட்டது. 2018-ல் கோவை அருகே சூலூர் விமானப்படைத் தளத்துக்கு மாறியது. இரண்டாவது பிரிவான 18-வது ஸ்குவாட்ரன் 'ஃபிளையிங் புல்லட்ஸ்' 2020 மே மாதம் அதே சூலூரில் தேஜஸுடன் உயிர்பெற்றது. 1971 போரில் ஸ்ரீநகர் வானில் தனியாக நின்று போராடி உயிர்நீத்து, விமானப்படையின் ஒரே பரம்வீர் சக்ரா விருதைப் பெற்ற நிர்மல்ஜித் சிங் சேகோன் இந்த 18-வது ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர். அவர் ஓட்டியதும் ஒரு இலகுரக விமானம்தான். மேலே மாருத் கதையில் வந்த அதே நேட்.

பறப்பது மட்டும் இல்லை. மார்க் 1ஏ விமானத்தின் இறக்கைகள் எல் அண்டு டி நிறுவனத்தின் கோவை ஆலையில் தயாராகின்றன. முதல் ஜோடி இறக்கை 2025 ஜூலையில் எச்.ஏ.எல்.லிடம் ஒப்படைக்கப்பட்டது. நடு உடற்பகுதி ஹைதராபாத்தில் உள்ள தனியார் நிறுவனத்தில் இருந்து வருகிறது. எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழ் செய்துகொண்டிருந்த எச்.ஏ.எல்., வெளியே கொடுத்து வாங்க ஆரம்பித்ததால்தான் ஆண்டுக்கு 24 விமானம் என்று பேசவே முடிகிறது. பெங்களூரில் இரண்டு உற்பத்தி வரிசை, நாசிக்கில் மூன்றாவது. ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு எட்டு.

மார்க் 1ஏ: இடைக்கால ஏற்பாடே முக்கிய விமானம் ஆன கதை

விமானப்படை உண்மையில் கேட்டது மார்க் 2. பெரிய இன்ஜின், அதிக ஆயுதம், அதிக தூரம். அது வர நாளாகும் என்று தெரிந்ததும் 2015 வாக்கில் ஒரு சமரசம் பிறந்தது. உடம்பையும் இன்ஜினையும் தொடாமல், உள்ளே இருக்கும் மின்னணுச் சாமான்களை மட்டும் மாற்றுவது. அதுதான் மார்க் 1ஏ.

வெளியில் இருந்து பார்த்தால் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். மாற்றம் மூக்குக்குள் இருக்கிறது. பழைய ரேடாரில் தட்டு மாதிரியான ஆன்டெனா இடமும் வலமும் ஆடி வானத்தைத் துழாவும். 1ஏ-வின் ரேடாரில் ஆடும் பாகமே இல்லை. நூற்றுக்கணக்கான குட்டி அலைபரப்பிகள் மின்னணு முறையில் கதிரைத் திருப்புகின்றன. ஒரே நேரத்தில் பல இலக்குகளைத் தொடரலாம், எதிரி குழப்புவதும் கடினம். முதலில் இஸ்ரேலிய ரேடார், பிறகு டி.ஆர்.டி.ஓ.வின் 'உத்தம்' ரேடார் என்பது திட்டம். கூடவே எதிரி ரேடாரை ஏமாற்றும் ஜாமர் வசதி, புதிய கணினிகள், சீக்கிரம் பழுது பார்க்க வசதியாக உள்ளமைப்பில் மாற்றங்கள். உள்நாட்டு 'அஸ்த்ரா' ஏவுகணையை தேஜஸ் 2023 ஆகஸ்டில் கோவா கடற்கரைக்கு அப்பால் வெற்றிகரமாக ஏவிக் காட்டியது.

2021 பிப்ரவரியில் 83 விமானங்களுக்குச் சுமார் 48,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம். 73 ஒற்றை இருக்கை, 10 பயிற்சி விமானம். 2025 செப்டம்பரில் வந்த 97-ல் 68 ஒற்றை இருக்கை, 29 இரட்டை இருக்கை. மொத்தம் 180. தற்காலிகமாக யோசித்த மாடல்தான் இப்போது எண்ணிக்கையில் முதுகெலும்பாகப் போகிறது.

விமானம் ரெடி, இன்ஜின் எங்கே?

83-ல் முதல் விமானம் 2024 தொடக்கத்தில் படைக்கு வந்திருக்க வேண்டும். 2024 மார்ச் 28-ல் முதல் மார்க் 1ஏ பெங்களூரில் 18 நிமிடம் பறந்தது. அதோடு சரி. 2025 முடியும் வரைக்கும் ஒன்றுகூட விமானப்படையிடம் ஒப்படைக்கப்படவில்லை. விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் 2025 பிப்ரவரியில் பெங்களூரு விமானக் கண்காட்சியிலேயே எச்.ஏ.எல். மீதான அதிருப்தியை வெளிப்படையாகச் சொன்னார். சீருடையில் இருக்கும் தளபதி அப்படிப் பேசுவது வழக்கத்தில் இல்லாதது.

எச்.ஏ.எல். சொன்ன முதல் காரணம் இன்ஜின். மார்க் 1 விமானங்களுக்காக ஜெனரல் எலக்ட்ரிக்கிடம் வாங்கிய 65 இன்ஜின்களும் 2016-க்குள் வந்து முடிந்துவிட்டன. அடுத்த ஆர்டர் வரவில்லை. தேஜஸுக்கென்றே மாற்றப்பட்ட அந்த ரக இன்ஜினை வேறு யாரும் வாங்குவதில்லை. நிறுவனம் உற்பத்தி வரிசையை மூடிவிட்டது.

2021 ஆகஸ்டில் 99 இன்ஜின்களுக்கு இந்தியா ஆர்டர் கொடுத்தபோது, அந்த வரிசையை மறுபடி திறக்க வேண்டியிருந்தது. அதற்குள் கொரோனா வந்து, உதிரிபாகம் தரும் சின்னச் சின்ன நிறுவனங்கள் எல்லாம் தடுமாறிக்கிடந்தன. சுமார் இரண்டு வருஷத் தாமதத்துக்குப் பிறகு, 2025 மார்ச் இறுதியில்தான் முதல் இன்ஜின் வந்தது. இரவல் இன்ஜினுக்கான விலை என்று மேலே சொன்னது இதைத்தான். இதில் அமெரிக்க நிறுவனத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2016-ல் பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில் 83 விமானங்களுக்குப் பச்சைக்கொடி காட்டியது. கையெழுத்தானது 2021-ல். இடையில் விலைப் பேரத்திலேயே போன ஆண்டுகள் டெல்லியின் கணக்கில்தான் வரும்.

இன்ஜின் மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. புது ரேடார், புது கணினி, ஏவுகணை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பேசவைத்துச் சான்றளிக்கும் வேலையும் இழுத்தது. இந்த முறை ஒரு பாடம் மட்டும் கற்றிருக்கிறார்கள். 97 விமான ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆவதற்குள், 2025 நவம்பரில் மேலும் 113 இன்ஜின்களுக்கு எச்.ஏ.எல். ஒப்பந்தம் போட்டுவிட்டது. அவை 2027 முதல் 2032 வரை வர வேண்டும்.

கப்பலில் இறங்கியும் வேலைக்கு எடுக்கப்படாத தேஜஸ்

விமானம் தாங்கிக் கப்பலுக்கான கடற்படை தேஜஸ் 2012-ல் முதலில் பறந்தது. 2020 ஜனவரி 11-ல் ஐ.என்.எஸ். விக்ரமாதித்யாவின் தளத்தில் இறங்கியது. கப்பல் தளத்தில் ஓடுபாதை மிகக் குறுகியது. இறங்கும்போது விமானத்தின் கொக்கி, தளத்தில் கட்டியிருக்கும் கம்பியில் மாட்டி இரண்டே நொடிகளில் விமானத்தை நிறுத்த வேண்டும். அதைச் செய்துகாட்டிய நாடுகள் சில மட்டுமே.

ஆனால் அதற்கு முன்பே, 2016-லேயே கடற்படை இதை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இறங்குவதைத் தாங்கக் கால்களைக் கனமாக்கியதில் எடை கூடியது. அந்த எடையோடு, முழு எரிபொருளும் ஆயுதமும் ஏற்றிக்கொண்டு குறுகிய தளத்தில் இருந்து எழும்ப ஒரு எஃப்-404 போதவில்லை. இங்கேயும் தடுத்தது இன்ஜின் பலம்தான். கடற்படைக்கு இப்போது பிரான்ஸில் இருந்து 26 ரஃபேல் வருகின்றன.

துபாய்

2024 மார்ச் 12-ல் ஜெய்சல்மேர் அருகே ஒரு தேஜஸ் விழுந்தது. விமானி பாராசூட்டில் தப்பினார். 2001-ல் பறக்கத் தொடங்கிய பிறகு நடந்த முதல் விபத்து அது. 2025 நவம்பர் 21-ல் துபாய் விமானக் கண்காட்சியில், பார்வையாளர்கள் கண்முன்னே சாகசம் செய்துகொண்டிருந்த இன்னொரு தேஜஸ் விழுந்து தீப்பிடித்தது. விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். சூலூரில் பணியாற்றியவர் அவர். உடல் முதலில் சூலூருக்குத்தான் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து சொந்த மாநிலமான ஹிமாச்சலப் பிரதேசத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு, ராணுவ மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடந்தது. விபத்து குறித்து விமானப்படை விசாரணைக்கு உத்தரவிட்டது.

துபாய் விபத்து வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் நிறைந்த இடத்தில் நடந்தது என்பதால், ஏற்றுமதி வாய்ப்பு என்ன ஆகும் என்ற கேள்வியும் சேர்ந்தே எழுந்தது. கண்காட்சிச் சாகசத்தில் விழுவது தேஜஸுக்கு மட்டும் நடந்தது இல்லை. அமெரிக்க, ரஷ்ய, பிரெஞ்சு விமானங்களும் விழுந்திருக்கின்றன. சொந்த நாட்டிலேயே எண்ணிக்கை குறைவாக இருக்கும் ஒரு விமானத்தை வேறு நாடு முதலில் வாங்குமா என்பதுதான் அதைவிடப் பழைய கேள்வி.

மார்க் 2: இலகுரகம் இல்லை, நடுத்தரம்

அடுத்தது மார்க் 2. தேஜஸ் என்ற பெயரைத் தவிர இது பெரும்பாலும் வேறு விமானம். நீளம் 14.6 மீட்டர். அதிகபட்ச எடை 17.5 டன், மார்க் 1-ல் இது 13.5 டன். விமானி அறைக்குப் பக்கத்தில் இரண்டு குட்டி முன் இறக்கைகள் இருக்கும். வானத்தில் பார்த்ததும் அடையாளம் கண்டுபிடிக்க இதுதான் வழி. 6.5 டன் வரை ஆயுதமும் கூடுதல் எரிபொருள் தொட்டிகளும் சுமக்கும். மிராஜ் 2000, ஜாகுவார், மிக்-29 ஆகிய மூன்று பழைய விமானங்கள் ஓய்வுபெறும்போது அந்த இடத்துக்கு இதைக் கொண்டுவரத் திட்டம். 2022-ல் மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் அளித்தது. மாதிரி விமானம் பெங்களூரில் உருவாகிறது.

இதற்கான இன்ஜின், அதே ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் எஃப்-414. எஃப்-404 எட்டரை டன் தள்ளினால் இது சுமார் பத்து டன் தள்ளும். இந்த இன்ஜினை இந்தியாவிலேயே தயாரிக்க, 2023 ஜூனில் பிரதமர் மோடியின் அமெரிக்கப் பயணத்தின்போது எச்.ஏ.எல்.லும் ஜெனரல் எலக்ட்ரிக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. தொழில்நுட்பத்தில் பெரும்பகுதியை மாற்றித் தருவதாகப் பேச்சு. டர்பைன் தகடு வார்க்கும் வித்தை அந்தப் பெரும்பகுதிக்குள் எவ்வளவு தூரம் வரும் என்பதைப் பொறுத்துத்தான், மார்க் 2-க்குப் பிறகு வரும் விமானங்களுக்கு இன்ஜின் எங்கிருந்து வரும் என்பது முடிவாகும். 97 மார்க் 1ஏ விமானங்களின் ஒப்படைப்பு 2027-28-ல் தொடங்கி ஆறு ஆண்டுகளில் முடிய வேண்டும்.